வேலியோரத்துக்கு ஒரு நாய்

மலாயாவில், ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டம். முள்வேலியை ஒட்டிய கடைசி வீட்டுக்கு, துரை பங்களாவிலிருந்து ஓர் இளம் பாக்ஸர் நாயைப் பிடித்து வந்தார் அப்புசாமி. மனைவி இருசம்மாளுக்கு முகம் மாறியது.

"ரெண்டு சின்ன நாய் இருக்கில்ல? இது கொதறிப் போட்டுரும். திருப்பி விட்டுட்டு வாங்க."

"அவசரகாலம் லா. காட்டுல இருக்கற கம்யூனிஸ்டுக்கு யாரும் சோறு குடுத்துரக் கூடாதாம். வேலியோர வீட்லல்லாம் பெரிய நாய் வளக்கணும்னு துரை உத்தரவு."

"அதுக்கு நீங்களே ஓடிப் போய்க் கேட்டு வாங்கணுமா? துரைகிட்ட நல்ல பேரெடுக்கவா?"

அப்புசாமி குனிந்து நாயின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். அவள் சந்தேகம் வலுத்தது.

சின்ன நாய்கள் இரண்டும் அரைமணியில் பாக்ஸரின் வயிற்றில் சாய்ந்து தூங்கிவிட்டன. அவளோ அதை முறைத்தபடியே இருந்தாள்.

பொழுது சாய்ந்ததும், முந்தானைக்குள் சோற்றுப் பொட்டலத்தோடு கொல்லைப்பக்கம் நழுவினாள். வேலிக்கு அப்பால் புதர் அசைந்தது. பாக்ஸர் அவளைத் தாண்டிப் பாய்ந்தது. பொட்டலம் கீழே விழுந்தது.

நாய் குரைக்கவில்லை. வேலிக்குள் நீண்ட கையை முனகி முனகி நக்கியது.

பின்னால் வந்த அப்புசாமி பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"காட்டுக்குப் போறதுக்கு முந்தி, பங்களா வேலையில இருந்தப்போ உன் தம்பி பால் ஊத்தி வளத்த குட்டி இதுதான். வேற நாயின்னா காட்டிக் குடுத்துரும். போ, பசியோட நிக்கிறான்."