ஐந்தாவது நிபந்தனை

என் அண்ணன் செல்வின் போனை ஸ்பீக்கரில் போட்டதும் ஏலக்கூடம் அடங்கிவிட்டது.

காலையில் மீன் ஏலம் முடிந்ததும் தரையைக் கழுவி, நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கியிருந்தோம். புரொஜெக்டர் தயாராக இருந்தது. ஊரே ஐஸ் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

சென்னையிலிருந்து படக் கம்பெனி மேடம் பேசினார்.

‘நீலத்திருக்கை’ அவர்களுடைய படம். கடலுக்கடியில் வாழும் வீரனின் கதை. எங்கள் கடலில்தான் எடுத்தார்கள்.

அந்த வீரனை வைத்து ரசிகர்கள் சின்னப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. பதினைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. டிக்கெட் போடக் கூடாது. அவர்கள் இசை கூடாது. அவர்கள் வசனமும் கூடாது. அதனால் வசனமெல்லாம் நான் எழுதினேன்.

ஐந்தாவதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. அசல் படத்தில் வேலை பார்த்த ஒருவர்கூட எங்கள் படத்தில் இருக்கக் கூடாது.

இருந்தால் படம் முடங்கிவிடும். கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்த கையோடு ஓடி ஓடி எடுத்த படம்.

மேடம் எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். “இனிகோ” என்றதும் நிறுத்தினார். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

முன்வரிசையில் இனிகோ மாமா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சங்கு குளிக்கிறவர். ஐம்பதைத் தாண்டிய எங்கள் கதாநாயகன்.

“இந்தப் பேர் எங்க யூனிட்ல இல்லையே சார்.”

அண்ணன் மாமாவைப் பார்த்தான். மாமா தலையசைத்தார், கேள் என்பதுபோல.

“நல்லாப் பாருங்க மேடம். ஹீரோவுக்கு டூப்பா தண்ணிக்குள்ள குதிச்சவங்க யாராச்சும்...”

“டூப்பா? எங்க ஹீரோ ஒரு ஷாட்லகூட டூப் போடல சார். எல்லாப் பேட்டியிலயும் அவரே சொல்லியிருக்காரே! உங்க படத்துக்கு ஓகே. நீங்க போட்டுக்கலாம்.”

போன் கட்டானது.

முதலில் கிளம்பியது மாமாவின் மனைவி அமலோற்பவம் அத்தையின் குரல்தான்.

“அப்போ அவுக ஷூட்டிங் நடந்த ஒரு மாசமும் காதுல ரத்தம் வடிய வடிய வீட்டுக்கு வந்தது யாரு ஏளா, பேயா?”

கூடம் வெடித்துச் சிரித்தது. விசில் பறந்தது. யாரோ ஐஸ் பெட்டியை மேளமாக்கினார்கள்.

மாமா எழுந்திருக்கவில்லை. மீசையை மட்டும் ஒருமுறை தடவிவிட்டுக்கொண்டார்.

“அதான் அவுகளே சொல்லிட்டாகள்லா. படத்தைப் போடுலே.”

அவர்கள் படத்தில் நீலத்திருக்கைக்குக் கடைசிவரை முகமூடி உண்டு. அது அவர்கள் சொத்து. நாங்கள் தொட முடியாது. எங்கள் நீலத்திருக்கை வெறும் முகத்தோடுதான் குதிக்கிறான்.

திரையில் பச்சைத் தண்ணீர். அடியில் மணல் கலங்கியது. குமிழிகள் மெல்ல விலகின.

நரைத்த மீசையோடு அந்த முகம் திரை முழுக்க நிறைந்தது.

அவர்கள் படப்பிடிப்பில் கேமராவைப் பார்த்துவிடாதே என்று ஒரு மாசம் அதட்டப்பட்ட கண்கள், எங்கள் எல்லோரையும் நேராகப் பார்த்தன.