இடுப்புப் பிடிப்பு

சாப்பாட்டு டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுரங்கக் குழியிலிருந்து ஏணியில் ஏறி வந்த ஜோரன், மேலே கால் வைத்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தான்.

"ஐயோ, செத்தேன்!"

டீசல் வாங்க டவுனுக்குப் போயிருந்த கூட்டாளி பனோஸ் அப்போதுதான் லாரியை நிறுத்தினான். கதவைக்கூடச் சாத்தாமல் பதறிக்கொண்டு ஓடி வந்தான்.

"என்னடா ஆச்சு?"

"இடுப்பு போச்சுடா. இனிமே குனிஞ்சு கொத்த என்னால ஆகாது. தொழிலுக்கே ஒரு கும்பிடு போட்டுடலாம்னு பாக்கறேன்."

"கும்பிடாவது மண்ணாங்கட்டியாவது! சட்டையைக் கழட்டு முதல்ல."

லாரி நிழலில் குப்புறப் படுக்கவைத்து, யூகலிப்டஸ் தைலத்தை ஊற்றிப் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தான் பனோஸ். ஜோரன் முனகினான். டப்பாவை மட்டும் கையைவிட்டு விடவில்லை.

உண்மையில் அவன் இடுப்புக்கு ஒரு கேடும் இல்லை. கேடெல்லாம் டப்பாவுக்குள் இருந்தது. காலையில் தனியாக மேற்குச் சுவரைக் கொத்தியபோது ஒரு பொந்து திறந்துகொண்டது. உள்ளே சிவப்பும் பச்சையுமாக ஓபல் ரத்தினக் கற்கள் கண்ணைப் பறித்தன.

கல் மினுங்கினால் கைவைக்காமல் கூட்டாளியைக் கூப்பிட வேண்டும், இருவருமாகச் சேர்ந்துதான் எடுக்க வேண்டும். இந்தப் பாலைவனத்தில் குழி தோண்டுகிற அத்தனை பேருக்கும் அதுதான் சட்டம். மீறியவனோடு ஊரில் ஒருத்தனும் உட்கார்ந்து பீர் குடிக்க மாட்டான்.

ஜோரன் பனோஸுக்காகக் காத்திருக்கவில்லை; அத்தனையையும் டப்பாவுக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டான். பாதி என்றால் அடிலெய்டு நகரத்தில் ஒரு வீடு வாங்கலாம், வாங்கிவிட்டு மறுபடி இதே குழிக்குள் இறங்க வேண்டும். முழுசும் என்றால் கடலைப் பார்த்த வீடு, சொந்தப் படகு, சாகும்வரை காலாட்டிக்கொண்டு சாப்பாடு. வெறும் வீடு போதும் என்று சொல்லிக்கொண்டிருந்த மனசு, கல்லைக் கண்டதும் படகும் கேட்டது.

"ஏண்டா பனோஸ்..." படுத்தபடியே கேட்டான். "எவ்வளவு இருந்தா போதும்னு நீ வேலையை விடுவே?"

"எனக்கா? கையில வந்து விழட்டும், அப்ப சொல்றேன்." பனோஸ் சிரித்தான். "நீ கண்டதையும் போட்டுக் குழப்பிக்காத. நாளையிலேருந்து மேல உக்காந்து வாளி இழுக்கற மெஷினைப் பாத்துக்கோ, போதும். கீழ நான் கொத்திக்கறேன். பங்கு எப்பவும்போல பாதிப் பாதி."

"உக்காந்திருக்கறவனுக்கு எதுக்குடா பாதி?"

"வாயை மூடு. போன வருஷம் நான் காய்ச்சல்ல கெடந்தப்ப நீ எனக்குக் குடுக்கலையா?"

இப்படிப்பட்டவனையா ஏமாற்றத் துணிந்தோம் என்று ஜோரன் கூனிக் குறுகிப் போனான். தேய்க்கத் தேய்க்க, இல்லாத வலி நிஜமாகவே வந்துவிடும் போலிருந்தது.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால் நாக்கு எழவில்லை. இத்தனை வருஷம் ஒரே குழியில் மண் தின்றவன் முகத்தில் திருடனாக எப்படி விழிப்பது?

மறுநாள் விடிந்தும் விடியாமல், பனோஸ் வருவதற்கு முன்பே குழிக்குள் இறங்கினான். கற்களைப் பழைய பொந்திலேயே வைத்தான். கடலைப் பார்த்த வீட்டையும் படகையும் சேர்த்தே உள்ளே தள்ளி, மண்ணைக் குழைத்துப் பூசினான். ஏறி வரும்போது மூச்சு லேசாக வந்தது. பனோஸே பார்க்கட்டும், பனோஸே கூப்பிடட்டும், பாதி போதும்.

சாப்பாட்டு டப்பாவைச் சுழற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான் பனோஸ்.

"இடுப்பு எப்படிடா இருக்கு?"

"தேவலை."

"என்னைப் பாரு. உன்னைவிட மூத்தவன், இன்னி வரைக்கும் ஒரு பிடிப்பு, ஒரு சுளுக்கு? இரும்புடா இது!" என்று தன் இடுப்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏணியில் இறங்கினான்.

ஜோரன் குழி விளிம்பில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டான். டொக், டொக் என்று மேற்குச் சுவரில் கொத்தும் சத்தம். பிறகு பொலபொலவென்று மண் உதிரும் சத்தம். பிறகு சத்தமே இல்லை.

இதோ பனோஸ் கத்தப் போகிறான். கேட்டதும் வாயைப் பிளந்து ஆச்சரியப்படுவதற்காக ஜோரன் முகத்தைக்கூடத் தயார் செய்துகொண்டான்.

குரல் வரவில்லை. வெகு நேரம் கழித்து மறுபடி டொக், டொக் என்று கேட்டது. இப்போது கிழக்குச் சுவரிலிருந்து.

கண்ணில் படவில்லையோ? பூச்சு பலமாக இருந்துவிட்டதோ? ஜோரன் தவித்துக்கொண்டிருக்கும்போதே ஏணி ஆடியது. முதலில் பனோஸின் தலை தெரிந்தது. பிறகு, கக்கத்தில் இடுக்கிய சாப்பாட்டு டப்பா.

"என்னடா, மதியம்கூட ஆகலையே, அதுக்குள்ள ஏறிட்டே?"

பனோஸ் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மெல்லக் கையைப் பின்னால் கொண்டுபோனான்.

"என்னமோ தெரியலடா ஜோரன், எனக்கும் இடுப்பு பிடிச்சுக்கிச்சு!"