மாமா இறந்த தேதி

பல்கலைக்கழகத்திலிருந்து தினமும் முந்நூறு மின்னஞ்சல்கள் வரும். எல்லோருக்கும் போல எனக்கும் ‘தூதன்’ செயலிதான் மின்னஞ்சல், மெசேஜ் எல்லாவற்றையும் படித்துப் பதில் எழுதும். பிப்ரவரியில் தோழி கல்யாணத்துக்காக, தாய்மாமா இறந்துவிட்டதாக விடுப்புக் கேட்க அதனிடம் சொன்னேன். எல்லோரும் சொல்கிற பொய்தான். துறைத்தலைவரின் தூதன் உடனே அனுமதியும் அனுதாபமும் அனுப்பியது.

ஏப்ரலில் விடுதி வாசலில் மாமா வந்து நின்றார்.

“எம்மேல கோவமா பாப்பா? ரெண்டு மாசமா ஒரு மெசேஜுக்கும் பதிலில்ல.”

போனைத் திறந்தேன். இறந்தவர் பெயரில் வந்த அறுபத்து மூன்று செய்திகளையும் தூதன் ‘மோசடி’யில் போட்டிருந்தது. ‘நாளைக்கு ஆபரேஷன். உங்கம்மாட்ட சொல்லல. உன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்’ என்றது ஒன்று.

‘மாமா உயிரோடு இருக்கிறார்’ என்று திருத்தினேன். ‘விடுப்பு ரத்தாகும். வருகை குறைவதால் தேர்வு எழுத முடியாது. மாற்றலாமா?’ என்றது தூதன்.

மாமா எட்டிப் பார்த்துப் படித்தார்.

“பரீட்சை எப்ப முடியுது?”

“மே இருபது, மாமா.”

“அதுவரைக்கும் நான் செத்தே இருக்கேன். நீ படி.”

நெஞ்சைப் பிடித்தபடி மெல்லத் திரும்பி நடந்தார். நான் ‘மாற்று’ என்பதை அழுத்தினேன். உடனே அவர் சட்டைப்பையில் போன் விடாமல் ஒலித்தது. அறுபத்து மூன்று பதில்கள். மாமா நின்று ஒன்றைப் படித்தார்.

“‘ஆபரேஷன் நல்லபடியா முடியும், தைரியமா இருங்க மாமா’ன்னு வந்திருக்கு. இதையாவது நீ எழுதுனியா பாப்பா?”