நான்கு கால்கள்

பிக்கப் வண்டியின் முதுகிலிருந்து கேம்பர் என்னும் பயணப் படுக்கையறையை இறக்க, அதன் நான்கு மூலை ஜாக்கிக் கால்களையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற வேண்டும். பொட்டலில் நிறுத்தி ஆதவன் சுற்றினான். உள்ளே, செத்துப்போன மனைவி வானதியின் படுக்கையில் அவளுடைய அம்மா இருந்தாள். காரியம் முடிந்தும் ஊருக்குப் போகவில்லை. வாய் திறந்தால் அப்படியே வானதியின் குரல். அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

“என்ன மாப்ளே, ஆடுது? கிளம்பிட்டமா?”

“கிளம்பியாச்சு அத்தை.”

“நீங்க ஓட்டினா டம்ளர்த் தண்ணி அலுங்காதும்பா வானதி.”

தண்ணீர் அலுங்கவில்லை. அறை கால்களில் நின்றதும், வண்டியை அதன் அடியிலிருந்து மெல்ல வெளியே ஓட்டினான். ஏறியிறங்கும் படி வண்டியோடு வந்துவிட்டது. பக்கக் கண்ணாடியில் கதவு திறந்தது. ஒரு கால் காற்றில் படியைத் துழாவியது.

“மாப்ளே, படி எங்க?”

வானதியேதான் கேட்டாள். அவன் அடுத்த கியருக்கு மாற்றினான்.