வெறும் சுவர்

மலைக்கோட்டைக் கடைவீதி மெஸ்ஸில் டிவி ரிப்பேருக்குப் போன பிறகும், சாப்பிட வந்தவர்கள் அது இருந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். இலை எடுக்கும் பிரேமலதாவுக்கு நின்று பார்க்க எங்கே நேரம்?

"சவுண்டு கொஞ்சம் வைங்கக்கா," என்றார் ஒரு ஜவுளிக்கடைக்காரர். அலுப்போடு ரிமோட்டை எடுத்து அமுக்கினாள்.

"போதும்க்கா."

மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்தது. காலையிலிருந்து நின்ற கால் விண்விண்ணென்று தெறித்தது. ஆறிப்போன சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டு, முதல்முறையாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இரண்டாவது கவளத்தை அள்ளிய கை இலையிலேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் மெக்கானிக் டிவியைக் கொண்டுவந்து பழைய இடத்தில் மாட்டினார்.

"தம்பி, மறைக்குது," என்றாள்.

அவர் விலகி நின்றார்.

"நீங்க இல்ல. டிவி."