அறுபத்து மூன்று அட்டைகள்

"இன்னைக்கு அறுபத்து மூணு," என்று சொல்லி அக்கா போனை என் பக்கம் தள்ளினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் வீட்டுச் சமையலறை. போனுக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒரு காகிதம். தனக்கு மறதி முற்றினால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, காப்பகத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று எழுதி, பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருந்தாள். ரலித்ஸா, தங்கை.

எங்கள் அப்பாவுக்கு ஐம்பத்து நான்கு வயதில் மறதி தொடங்கியது. முதலில் சாவி, அப்புறம் தெரு, கடைசியில் நாங்கள்.

நெவெனா அக்காவுக்கு இப்போது ஐம்பத்து மூன்று.

அப்பாவைப் புதைத்த மாதத்தில்தான் அவள் ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்தாள். ஜப்பான் போகும் எண்ணமெல்லாம் கிடையாது. பல்கேரியாவில், எங்கள் ரூசே ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்த மொழியை வைத்து ஒரு தக்காளிகூட வாங்க முடியாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தாளாம். மறதி வந்தால் புதிதாகப் படித்ததுதான் முதலில் போகும், போகிற அன்றே தெரிந்துவிடும் என்பது அவள் கணக்கு. மற்ற பெண்கள் மூட்டு வலிக்குத் தைலம் தேய்க்கிற வயதில் என் அக்கா தன் மண்டைக்குத் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டாள்.

போனில் இருக்கும் பாடச் செயலியில் அட்டைக்கு ஒன்றாக ஒரு ஜப்பானிய வாக்கியம் ஒலிக்கும். அர்த்தம் சொல்ல முடிந்தால் "தெரியும்" என்று அழுத்த வேண்டும். அந்த அட்டை நான்கு நாள் கழித்து வரும், பிறகு பத்து நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று தள்ளிப் போகும். "மறந்துவிட்டது" என்று அழுத்தினால் நாளைக்கே வந்து நிற்கும். திரும்பத் திரும்ப மறந்த அட்டைகளைத் தொந்தரவு அட்டை என்று தனியே ஒதுக்கி வைத்துவிடும்.

நான்கு வருடமாக அந்த ஒதுக்கலில் இரண்டு மூன்றுக்கு மேல் இருந்ததில்லை. இன்று அறுபத்து மூன்று.

"நல்லாத் தெரிஞ்சதெல்லாம் போகுதுடி. குரல் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் பிடிபடல."

வேலையிலும் அப்படித்தானாம். அவள் முடித்துவிட்டு வந்த வேலையை, சரியாக முடிக்கவே இல்லை என்று இரண்டு இடங்களில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குப் பயம் அவளுக்காக மட்டும் இல்லை. எனக்கும் அதே அப்பாதான்.

"காலங்காத்தால எழவுப் பேச்சா? பனித்ஸா ஆறுது, முதல்ல அதச் சாப்பிடு," என்று பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அந்தப் பலகாரத் தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

கைக்கு ஏதாவது வேலை வேண்டும் போலிருந்தது. அந்த அறுபத்து மூன்றையும் ஒவ்வொன்றாக ஒலிக்க விட்டேன். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. மெல்லிய பெண்குரல் ஒன்று ஏதோ சொன்னது. அடுத்ததும் அவள்தான். அதற்கடுத்ததும் அவளே.

இருபதைத் தாண்டியதும் நிறுத்தினேன்.

"இந்தப் பாடத்துல ஆம்பளையே பேச மாட்டானா?"

"பேசுவானே. பாதிக்குப் பாதி அவன்தான்."

மிச்சத்தையும் ஓட்டிப் பார்த்தேன். அவன் வரவே இல்லை.

"அவன் பேசுனதுல ஒண்ணுகூட நீ மறக்கலையேக்கா."

அக்கா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் அந்த ஜப்பானிய வாக்கியத்தை, ஒலிக்கிறபடியே பல்கேரிய எழுத்தில், அர்த்தத்தோடு அவளே தட்டி வைத்திருந்தாள். என் குரல் இருபது வருட சிகரெட்டில் கரகரத்துப் போன குரல். போனில் ஹலோ சொன்னால், சொல்லுங்க சார் என்பார்கள். திரையை அவளுக்குக் காட்டாமல், அந்தக் குரலில், வாய்க்கு வந்தபடி முதல் அட்டையை வாசித்தேன்.

"மழை வர்ற மாதிரி இருக்கு, குடைய எடுத்துக்கோ," என்றாள் உடனே.

அடுத்தது. "பஸ் இப்பத்தான் போச்சு."

அடுத்தது. "இந்த மீன் நேத்து வாங்குனதா?"

அறுபத்து மூன்றையும் வாசித்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசிப் பத்தில் என் நாக்கு குழறியது. அவள் என் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே பதில் சொன்னாள்.

எல்லாம் அவள் தலைக்குள் வைத்தது வைத்தபடி இருந்தது.

"புத்திக்கு ஒண்ணுமில்லக்கா. காதுதான். கீச்சுன்னு மேல போற மெல்லிசான சத்தம் உனக்கு விழ மாட்டேங்குது."

"நெஜமாவா?"

தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். எங்கள் ஊரில் அதுதான் ஆமாம்.

அக்கா மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நான்கு வருடமாக அடக்கி வைத்திருந்த அழுகை. காது போகிறது என்று சொன்னதற்கு அத்தனை சந்தோஷப்பட்ட மனுஷியை நான் பார்த்ததில்லை. எனக்கும் மூச்சு வந்தது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அங்கிருந்த பியானோவின் மூடியைத் திறந்து, இருப்பதிலேயே மெல்லிசான சத்தம் தருகிற, வலது கோடியில் இருக்கும் கடைசிக் கட்டையை அழுத்தினாள்.

எனக்கு ஊசி குத்தின மாதிரி தெளிவாகக் கேட்டது.

அவள் மறுபடி அழுத்தினாள். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"மரம் தட்டுற சத்தம் மட்டுந்தான் வருது," என்றாள்.

முப்பது வருடமாக ரூசேயில் இருக்கிற பியானோக்களுக்கெல்லாம் சுருதி சேர்த்துப் பிழைக்கிறவள் என் அக்கா.

இந்த முறை அழுதது நான். அவள் மூடியைச் சாத்திவிட்டு வந்து என் தோளில் கை போட்டாள்.

"எதுக்குடி அழுவற? நீ யாருன்னு எனக்குத் தெரியுதுல்ல," என்றாள்.