இருபதாவது சீட்டு

“மூணாம் வார்டு, பத்தொன்பது புகார். மத்த வார்டெல்லாம் பூஜ்யம். எல்லாரும் கைதட்டுங்க” என்றார் மேனேஜர்.

யாருக்கு என்று தெரியாமலே எல்லாரும் தட்டினார்கள். மற்ற வார்டுகளில் புகார்ப் பெட்டியை அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள் என்பது மேனேஜரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் தினமும் காலை எட்டு மணிக்குக் குழுத்திறன் மேம்பாட்டுக் கூட்டம். நின்றபடியேதான் நடக்கும். உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள் என்பது மேனேஜரின் கண்டுபிடிப்பு. எந்தப் புழுக்கத்திலும் டையைக் கழற்றாதவர். அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயரே டை.

“இன்னிக்கு மாசக் கடைசி. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கடைசித் தடவையாப் பெட்டியைத் திறப்பேன். இன்னும் ஒரு சீட்டு விழுந்து இருபது ஆச்சுன்னா, விதிப்படி அந்த வார்டுக்குத் தலைமை மாறும். பெரிய சிஸ்டர், புரியுதா?”

“எனக்கு நல்லாவே புரியுது. விதியை எழுதினவருக்குப் புரிஞ்சிருந்தா சரி” என்றார் மூன்றாம் வார்டின் தலைமை நர்ஸ்.

“உங்க வாய்க்குத் தனியா ஒரு பெட்டி வைக்கணும்.”

“வைங்க. அதுக்கும் நீங்களே சாவி வச்சுக்கங்க.”

இந்தச் சண்டை தினமும் உண்டு. ஆனால் இன்று ரேடியோவுக்கு வயிறு எரிந்தது. அவள் மூன்றாம் வார்டு ஆயா. பெட்பேனைத் தூக்கும்போதும் பேச்சை நிறுத்தாததால் வந்த பெயர்.

“பத்து வருஷமா இந்த வார்டைக் கட்டி இழுக்கிற மனுஷி. அவங்க நாற்காலியைப் பிடுங்க ஒரு துண்டுச் சீட்டு போதுமா?” என்று சின்ன நர்ஸிடம் பொருமினாள்.

சின்ன நர்ஸ் அப்போதுதான் இரவு டியூட்டி முடித்திருந்தாள். முப்பது கட்டிலுக்கு இரவில் அவள் ஒருத்திதான். போன வாரம் இருபத்தெட்டாம் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, பதினொன்றாம் கட்டில் பெரியவர் கீழே விழுந்து காலை உடைத்துக்கொண்டார். பத்தொன்பது புகாரும் ஏறக்குறைய ஒன்றுதான்: ராத்திரி கூப்பிட்டால் ஆள் வருவதில்லை.

“எல்லாம் என்னாலதான்க்கா.”

“நீ என்ன ரெண்டா பிளந்துக்கவா முடியும்? போய்த் தூங்கு. பெட்டியை நான் பாத்துக்கிறேன்.”

பார்த்துக்கொண்டாள். பெட்டி மாட்டியிருந்த நடை அன்றைக்கு ஒன்பது முறை துடைக்கப்பட்டது.

மதியம் பதினொன்றாம் கட்டில் பெரியவர் மாவுக்கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தார். கையில் மடித்த சீட்டு.

“என்ன தாத்தா, லவ் லெட்டரா?”

“புகார். டீ ஆறிப்போய் வருது.”

“பெட்டியில போட்டா சூடாயிடுமா? குடுங்க இப்படி. நான் கொதிக்கக் கொதிக்க வாங்கியாரேன்.”

சீட்டு அவள் இடுப்புக்குப் போனது. அங்கே ஏற்கெனவே மூன்று இருந்தன.

பெரிய சிஸ்டர் அந்தப் பக்கம் வந்தார்.

“ஏய் ரேடியோ, உனக்கு வேற வேலையே இல்லையா? நாலாம் கட்டிலுக்குப் பெட்ஷீட் மாத்து.”

“மாத்தியாச்சு.”

“ஸ்டோர்ல பஞ்சு வாங்கிட்டு வா.”

“அதுவும் ஆச்சு. உங்களுக்காகத்தான் சிஸ்டர் நிக்கிறேன். ஒரு ஈ காக்கா அண்டாது.”

பெரிய சிஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு போய்விட்டார். இப்படி மூன்று முறை வந்தார், மூன்று முறை போனார்.

ஐந்து மணிக்குச் சற்று முன் ரேடியோ பெட்டியைக் கழற்றிக் காதோரம் வைத்துக் குலுக்கினாள். சத்தமே இல்லை. சிரித்துக்கொண்டே மாட்டினாள்.

மேனேஜர் வந்தார். பூட்டைத் திறந்தார். உள்ளே கையை விட்டார்.

“ஒண்ணு இருக்கே” என்றார். “இருபது.”

“பொய்!” ரேடியோ போட்ட கூச்சலில் வார்டே எட்டிப் பார்த்தது. “உங்க சட்டைக் கைக்குள்ளேர்ந்து வந்துச்சு, என் ரெண்டு கண்ணால பாத்தேன்! டை கட்டிட்டா திருட்டுக் கை நல்ல கை ஆயிடுமா?”

மேனேஜர் முதல் தடவையாக டையைத் தளர்த்தினார். பார்வை பெரிய சிஸ்டர் பக்கம் போனது. அதற்குள் ரேடியோ சீட்டைப் பறித்துப் பிரித்துவிட்டாள்.

‘இரவில் முப்பது பேருக்கு ஒரே நர்ஸ். இது நியாயமா?’

உருண்டை உருண்டையான எழுத்து. தினமும் டியூட்டி பட்டியலில் அவள் பார்க்கிற எழுத்து.

ரேடியோ நின்றுபோனது.

பெரிய சிஸ்டர் அவளைக் கையைப் பிடித்துத் தன் அறைக்குள் இழுத்தார். மேனேஜரும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“காலையிலேர்ந்து என்னை அந்தப் பெட்டிகிட்ட விட்டியா நீ? அதான் இவர்கிட்ட குடுத்தேன்” என்றார் சிஸ்டர்.

“அப்போ உங்க நாற்காலி, சிஸ்டர்?”

“ராத்திரிக்கு இன்னொரு ஆள் வேணும்னு ரெண்டு பேரும் ரெண்டு வருஷமா எழுதுறோம். மேலிடம் அசையல. தலைமை மாறினா மட்டும் வெளியிலேர்ந்து கூடுதலா ஒருத்தரைப் போட்டே ஆகணும்னு இவர் விதி எழுதினார். அதுல கையெழுத்துப் போட்டுட்டாங்க.”

“படிச்சிருந்தா போட்டிருக்க மாட்டாங்க” என்றார் மேனேஜர்.

ரேடியோவுக்குச் சந்தேகம் தீரவில்லை. “வர்றது புதுத் தலைமை. அது ராத்திரி டியூட்டி பாக்குமா?”

“தலைமை எந்தக் காலத்துல ராத்திரி டியூட்டி பாத்திருக்கு?” என்றார் சிஸ்டர்.

பிறகு மறுநாளுக்கான டியூட்டி பட்டியலை எடுத்தார். ‘இரவு’ என்ற தலைப்பில், சின்ன நர்ஸ் பெயருக்குக் கீழே இரண்டு வருடமாகக் காலியாகக் கிடந்த கட்டத்தில், அதே உருண்டை எழுத்தில் தன் பெயரை எழுதினார்.